மஞ்சப்பைக்குள் ஒரு ஸ்ப்ரே கன்!

உங்க வீட்ல முதல் முதலா காலேஜ் வாசல் மிதிச்ச ஆள் நீங்கதானா? அப்போ இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மிக்ஸி வாங்கணுமா, 'தம்பியைக் கேளு'. ரேஷன் கார்டுல பேர் தப்பா இருக்கா, 'தம்பி வரட்டும்'. கரண்ட் பில் எகிறிடுச்சா, அதுக்கும் தம்பிதான். நாமளும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு ஒரு தீர்ப்பு சொல்லிடுவோம். பெரும்பாலும் தப்பிச்சும்டுவோம். நான் ஒரு தடவை வசமா மாட்டினேன். யார்கிட்ட தெரியுமா? ஒரு குட்டி ஏர் கம்ப்ரஸர்கிட்ட!

நான் கோவையில மெக்கானிக்கல் மூணாம் வருஷம். சொந்த ஊர் கரூர். கரூர்னா உங்களுக்குப் போர்வையும் கொசுவலையும் ஞாபகம் வரலாம். அது பஸ் பாடி கட்டுற ஊரும்கூட. வெறும் சேஸிஸா உள்ளே போற வண்டி, சீட்டு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். அந்த மாதிரி ஒரு பட்டறையில எங்கப்பா 22 வருஷம் பெயின்ட்டர். போன வருஷம் முட்டி வலி ஜாஸ்தியாகி, ஸ்டூல் மேல ஏறி இறங்க முடியாம நின்னுட்டார். ஆனா சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். "வீட்டுலயே பீரோ, கிரில் கேட்டு, பழைய சைக்கிள்னு அடிச்சுக் குடுக்கலாம். சின்னதா ஒரு கம்ப்ரஸர் இருந்தாப் போதும்"னார்.

அம்மா சீட்டு எடுத்து வெச்சிருந்த 10,000 ரூபாயை எடுத்து நீட்டினாங்க. என்கிட்ட!

"ஏங்கண்ணு, நானும் கூட ஒரு எட்டு வரட்டுமா?"ன்னு அப்பா கேட்டார்.

"நீங்க எதுக்குப்பா முட்டி வலியோட அலையறீங்க? நான் பார்த்துக்கறேன்"னேன்.

அக்கறையாச் சொன்ன மாதிரிதானே இருக்கு? அம்மாவும் அப்படித்தான் நினைச்சாங்க. உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்றேன். கோவையில பெரிய கண்ணாடிக் கடைக்கு, பெயின்ட் கறை போகாத விரலோட அப்பா வந்து, அப்பாவியா ஏதாவது கேட்டுவெச்சா, என் ஃப்ரெண்ட் முன்னாடி எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். அதான் காரணம்.

கம்ப்ரஸர் வாங்க கோவையைவிட நல்ல ஊர் ஏது? எல்ஜி நிறுவனம் 1960-ல ஆரம்பிச்சதே இங்கேதான். மோட்டார், பம்ப், கம்ப்ரஸர்னு ஊரே இரும்பு வாசனை அடிக்கும். நானும் ஃப்ரெண்டும் ஒரு சனிக்கிழமை ஒரு கடைக்குப் போனோம். வரிசையா நிக்குது. அதுல ஒண்ணு சிவப்பு கலர்ல, சக்கரம் வெச்சு, சும்மா பளபளன்னு. அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல '2 எச்.பி'. கீழே '24 லிட்டர்', '8 பார்', 'ஆயில் ஃப்ரீ'. விலை 9,500.

"வீட்டு உபயோகத்துக்கு இதுவே தாராளம் தம்பி. ஆயில் ஊத்தற வேலையே இல்ல"ன்னார் கடைக்காரர். என்ன வேலைக்குன்னு அவர் கேட்கலை. நானும் சொல்லலை. "வாரன்ட்டி எவ்வளவு?"ன்னு மட்டும் கெத்தா கேட்டேன். அவ்வளவுதான், வியாபாரம் முடிஞ்சுது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர்கிட்ட கெஞ்சி, லக்கேஜ் டிக்கெட் போட்டு, பல்லடம், காங்கேயம் தாண்டி மூணு மணி நேரம் அதைக் கால் நடுவுல இடுக்கிக்கிட்டே வந்தேன். ஏதோ கப் ஜெயிச்ச டீம் மாதிரி வீட்டுக்குள்ளே நுழைஞ்சேன்.

முதல் ஆர்டர் ரெடியா இருந்தது. அடுத்த தெரு அக்கா ஒருத்தங்க, பொண்ணுக்குச் சீர் கொடுக்கப் புது பீரோ வாங்க வசதியில்லாம, தன்னோட பழைய பீரோவையே பெயின்ட் அடிச்சுக் கொடுக்கலாம்னு அனுப்பியிருந்தாங்க. ஐப்பசி மாசம். வியாழக்கிழமை முகூர்த்தம். அப்பா ரெண்டு நாளா துருவைத் தேய்ச்சு, பட்டி பூசி, பிரைமர் அடிச்சு வெச்சிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில சுவிட்சைப் போட்டேன். ஐயோ, அந்தச் சத்தம்! பக்கத்து வீட்டுக் குழந்தை வீல்னு அலறுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. டேங்க் நிரம்பினதும் கன்னை எடுத்தார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம்னு அவர் கை ஓடுறதை நீங்க பார்க்கணும். கோலம் போடுற மாதிரி இருக்கும். கதவுல பாதிகூட முடியலை. கன் 'புஸ் புஸ்'னு திக்க ஆரம்பிச்சுது. புகை மாதிரி வரவேண்டிய பெயின்ட் துளித்துளியாத் துப்புது. முள்ளைப் பார்த்தா, 8-ல இருந்தது 4-க்குக் கீழே கிடக்கு. காத்து ஏறட்டும்னு நின்னோம். திரும்பவும் அடிச்சார், திரும்பவும் திக்கிச்சு. மூணாவது தடவை மோட்டார் மறுபடி ஸ்டார்ட் ஆனப்போ வீட்டு ஃபியூஸே போயிடுச்சு. ஃபியூஸ் போட்டு மறுபடி அடிச்சா, கன்லேர்ந்து பெயின்ட்டோட தண்ணியும் சேர்ந்து தெறிச்சு, கதவு பூரா அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா நிக்குது.

அப்பா கன்னைக் கீழே வெச்சார். "சரி விடு கண்ணு, நான் பார்த்துக்கறேன்"னார்.

நான் அவர்கிட்ட சொன்ன அதே வார்த்தை.

அன்னிக்கு ராத்திரி பெயின்ட் காய்ஞ்சதும், வாட்டர் பேப்பரை நனைச்சு நனைச்சு அந்தப் புள்ளிகளை அவர் தேய்க்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திங்கட்கிழமை ஒரு குட்டியானை வண்டி பிடிச்சு, பீரோவைப் பழைய பட்டறைக்கே கொண்டு போய், முதலாளிகிட்ட கேட்டு அங்கே அடிச்சு முடிச்சார். புதன்கிழமை பீரோ கல்யாண வீட்டுக்குப் போயிடுச்சு. கூலி மொத்தமும் வண்டி வாடகைக்குப் போச்சு.

நான் திங்கள், செவ்வாய் காலேஜுக்கு மட்டம். கம்ப்ரஸர் பக்கத்துல உட்கார்ந்து, அதுல ஒட்டியிருந்த சின்னத் தகட்டை முதல் தடவையாப் படிச்சேன். வாங்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்க வேண்டியது. நீங்களாவது படிச்சுடுங்கங்கறதுக்காகத்தான் இவ்வளவு நீட்டி முழக்குறேன்.

முதல்ல அந்த '2 எச்.பி'. ஒரு எச்.பி.ன்னா 746 வாட்ஸ். அப்போ 2 எச்.பி.க்குக் கிட்டத்தட்ட 1,500 வாட்ஸ் இருக்கணும். தகட்டுல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? 800 வாட்ஸ்! ஒரு கண நேரத்துக்கு மோட்டார் காட்டுற உச்ச பலத்தைப் பெட்டி மேல பெருசா போட்டுடறாங்க. நாள் பூரா அது உழைக்கிற பலம் தகட்டுலதான் இருக்கும், பொடி எழுத்துல.

அடுத்து, நிஜமா வேணுங்கற நம்பர். நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து வருது? இதைக் கன அடியில சொல்வாங்க, அதுதான் சி.எஃப்.எம். ஒரு கன அடின்னா 28.3 லிட்டர். இதுலயும் ரெண்டு கணக்கு இருக்கு. பிஸ்டன் இழுக்கிற காத்து ஒண்ணு. குழாய் வழியா நிஜமா வெளியே வர்ற காத்து இன்னொண்ணு. ரெண்டாவதுக்குப் பேர் எஃப்.ஏ.டி. சின்ன மெஷின்கள்ல இது முதல் கணக்கைவிட நல்லாவே குறையும். நம்ம சிவப்பு ராஜா இழுக்கறது 4 கன அடி, கொடுக்கறது 2.5. அப்பாவோட கன் கேட்கறது 5!

டேங்க்ல காத்து இருக்கேன்னு நினைப்பீங்க. நானும் நினைச்சேன். கணக்குப் போட்டுப் பாருங்க. 24 லிட்டர் டேங்க் 8 பார்ல இருந்து 4 பாருக்கு இறங்கினா வெளியே வர்ற காத்து 24-ஐ 4-ஆல பெருக்கினா 96 லிட்டர். கன் நிமிஷத்துக்கு 142 லிட்டர் குடிக்குது. மெஷின் 71 லிட்டர் கொடுக்குது. மீதி 71 டேங்க்லேர்ந்து போகணும். ஆக, ஒரு நிமிஷம் 20 வினாடியில கதை முடிஞ்சுது. அப்பா கை பாதிக் கதவுல நின்னது ஏன்னு அப்பத்தான் புரிஞ்சுது. டேங்க்ங்கறது சேமிப்புக் கணக்கு மாதிரிங்க. வரவைவிடச் செலவு அதிகம்னா, பெரிய கணக்கா இருந்தாலும் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

இதுல கொடுமை என்னன்னா, ராபர்ட் பாயில் 1662-ல சொன்ன அழுத்தம், கன அளவு விதியை நான் ப்ளஸ் டூவுலேயே படிச்சாச்சு. கம்ப்ரஸர் பத்திப் போன செமஸ்டர்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சு ஒரு பெரிய கேள்விக்குப் பதில் எழுதி, அதுல நல்ல மார்க்கும் வாங்கினவன் நான். வீட்டுக்கு ஒண்ணு வாங்கறப்போ அந்தப் பாடம் ஞாபகத்துக்கே வரலை!

தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? நாம சுவாசிக்கிற காத்துலேர்ந்துதான். மழை நாள்ல 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம்னு வெச்சுக்குங்க. அந்தக் காத்தை 8 பாருக்கு அமுக்கி ஆற விட்டா, நம்ம 24 லிட்டர் டேங்க்ல ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் தண்ணி இறங்கும். காலையிலேர்ந்து நாலஞ்சு தடவை நிரப்பியிருந்தோம். டேங்க் அடியில ஒரு திருகு இருக்கும். வேலை முடிஞ்சதும் அதைத் திறந்து தண்ணியை வடிச்சுடணும். வடிக்கலைன்னா பெயின்ட் கெடறதோட போகாது. டேங்க் உள்ளே இருந்தே துரு பிடிச்சு மெலிஞ்சு, ஒரு நாள் வெடிக்கவும் செய்யும். பெயின்ட் வேலைன்னா கன்னுக்கு முன்னாடி தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணும் கட்டாயம் வேணும்.

ஃபியூஸ் போன கதையும் இதே மாதிரிதான். மோட்டார் ஸ்டார்ட் ஆகுற அந்த நொடியில, ஓடும்போது இழுக்கிறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நான் அதை மிக்ஸிக்குப் போடுற சின்ன பிளக்ல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியா சொருகியிருந்தேன். நிஜ 2 எச்.பி. மோட்டாருக்கு 16 ஆம்பியர் பவர் பிளக், ஒழுங்கான எர்த் ரெண்டும் வேணும்.

இதையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு அப்பாகிட்ட போனேன். "அப்பா, உங்க கன் நிமிஷத்துக்கு 5 கன அடி கேட்குதுப்பா. நான் வாங்கினது பாதிதான் கொடுக்குது"ன்னேன்.

"தெரியுமே கண்ணு"ன்னார்.

"அப்புறம் ஏம்ப்பா சொல்லலை?"

"நீ கேக்கலையே."

கோபமே இல்லாமத்தான் சொன்னார். அதான் ரொம்ப வலிச்சுது.

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேருமா கோவை போனோம். அப்பா கையில ஒரு மஞ்சப்பை. உள்ளே துணி சுத்தி அவரோட ஸ்ப்ரே கன். அந்தக் கண்ணாடிக் கடையில சிவப்பு மெஷினைத் திருப்பிக் கொடுத்தப்போ, பயன்படுத்தினதுன்னு 7,000-தான் தந்தாங்க. ஒரே வாரத்துல 2,500 ரூபாய் காத்தோட போச்சு! அப்புறம் அப்பா என்னை ஒரு சந்துக்குள்ளே கூட்டிட்டுப் போனார். பழைய மெஷின்களைச் சரி பண்ணி விக்கிற சின்னப் பட்டறை.

என் அப்பா கம்ப்ரஸர் பார்க்கிற அழகை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். முதல் மெஷின்ல அடித் திருகைத் திறந்தார். செம்மண் கலர்ல தண்ணி கொட்டுச்சு. மூடிட்டு நகர்ந்துட்டார். ரெண்டாவதுல டேங்க் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதுல ஒட்டு வெல்டிங் அடிச்சிருக்கீங்களேங்க. வேண்டாமுங்க"ன்னார். மூணாவது, பெல்ட் ஓட்டுற 2 எச்.பி., 70 லிட்டர் டேங்க். தகட்டுல எஃப்.ஏ.டி. 6 கன அடிக்கு மேல இருந்துச்சு. "டேங்க்ல தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணின சீட்டு இருக்குங்களா?"ன்னு கேட்டார். பட்டறைக்காரர் எடுத்துக் காட்டினார். காத்துக்குப் பதிலா தண்ணியை நிரப்பி அழுத்தம் ஏத்திப் பார்க்கிற டெஸ்ட் அது. தண்ணி சுருங்காதுங்கறதால, டேங்க் விட்டுப்போனாலும் வெடிக்காம ஒழுகத்தான் செய்யும்.

அப்புறம் மஞ்சப்பையைப் பிரிச்சார். "என் கன்னை மாட்டி, நிறுத்தாம அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாமுங்களா?"

வெறும் காத்தைத்தான் அடிச்சார். நான் முள்ளையே பார்த்துக்கிட்டிருந்தேன். கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்னுச்சு. சத்தமும் அந்தச் சிவப்பு மெஷினோட அலறல் மாதிரி இல்லை. 'தடக் தடக்'னு நிதானமா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் பட்டறைக்காரர் அப்பாகிட்ட, "நீங்க தொழில்காரரா? உட்காருங்கண்ணா, டீ சாப்பிடுவோம்"னார். எந்தக் கேள்வியை நினைச்சு நான் கூச்சப்பட்டேனோ, அதே மாதிரி கேள்விகளைத்தான் அவர் கேட்டார். கடைக்காரர் சேர் எடுத்துப் போட்டார்! நான் நின்னுக்கிட்டே டீ குடிச்சேன்.

விலை 13,500. திரும்ப வந்த 7,000 போக, புது மொபைலுக்காக டியூஷன் எடுத்துச் சேர்த்து வெச்சிருந்த 3,000-ஐ நான் போட்டேன். மீதி 3,500-க்கு ரெண்டு தவணை. என் மொபைல் ஸ்கிரீன் இன்னும் விரிசலோடதான் இருக்கு. பரவாயில்லை.

இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்குக் கம்ப்ரஸர் வாங்கப் போறீங்கன்னா, மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வேலையைப் பாருங்க.

பைக், கார் டயருக்கு மட்டும்தானா? இவ்வளவு பெரிய சமாச்சாரமே வேண்டாம். பைக் டயருக்கு 25-லேர்ந்து 35 பி.எஸ்.ஐ. வரைக்கும் வண்டிக்கு ஏத்த மாதிரி போதும். 1 பார்ங்கறது 14.5 பி.எஸ்.ஐ. அப்போ 2, 2.5 பார்தான். 12 வோல்ட்ல ஓடுற கையடக்கப் பம்ப்போ, காலால மிதிக்கிற பம்ப்போ போதும். கையடக்கப் பம்ப் சீக்கிரம் சூடாகும், நடுநடுவே ஓய்வு கொடுங்க. எவ்வளவு நேரம்னு அதுலயே போட்டிருக்கும்.

பொம்மை, மாடல், டி-ஷர்ட்னு ஏர்பிரஷ் வேலையா? அதுக்கு ரொம்பக் கொஞ்சம் காத்து போதும். நான் திருப்பிக் கொடுத்த சிவப்பு ராஜா அந்த வேலைக்குத் தங்கம். ஆயில் ஃப்ரீ மெஷின் மோசம்னு நான் சொல்ல வரலை. எடை குறைவு, பராமரிப்பு குறைவு. சத்தம் போடும், நிறுத்தாம ஓட்டினா தாங்காது. ஆயில் ஊத்துற மெஷின் கனமா இருக்கும். ஆயில் பார்க்கணும், மாத்தணும். ஆனா நீண்ட நாள் உழைக்கும்.

பீரோ, கேட் பெயின்ட்டா? கன் கேட்கிற காத்தைவிடக் கால் பங்காவது அதிகம் கொடுக்கிற மெஷினா எடுங்க. கன் 5 கேட்டா மெஷின் 6-க்கு மேல.

அப்புறம், எந்த மெஷின் வாங்கினாலும் இதை மறந்துடாதீங்க. சேஃப்டி வால்வுல தொங்குற வளையத்தை அப்பப்போ இழுத்து, அது வேலை செய்யுதான்னு பாருங்க. காத்து லைனுக்கு வீட்டுத் தண்ணிக்குப் போடுற பி.வி.சி. பைப்பைப் போடாதீங்க, உடைஞ்சா கத்தி மாதிரி சில்லு சில்லாப் பறக்கும். பெயின்ட் அடிக்கிற இடத்துலேர்ந்து மெஷினைத் தள்ளி வையுங்க. தின்னர் வாசனையும் மோட்டார் பொறியும் சேரக்கூடாது. மாஸ்க் போடுங்க. அப்புறம், ஹாஸ்டல் பசங்களுக்கு முக்கியமா ஒண்ணு: விளையாட்டுக்குக்கூட அந்தக் காத்தை யார் உடம்பு மேலயும் அடிக்காதீங்க. அப்படி விளையாடி உயிர் போன செய்திகள் பேப்பர்ல வந்திருக்கு.

இப்போ எங்க வீட்டுத் திண்ணை ஓரத்துல அந்தப் பழைய மெஷின் 'தடக் தடக்'னு ஓடுது. அந்த அக்கா, மகளோட மாமியார் வீட்டு பீரோவையும் அனுப்பி வெச்சிருக்காங்க. போன தடவை நான் ஊருக்குப் போயிருந்தப்போ, அப்பா மெஷினைத் தொட்டுப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, காத்தை அமுக்குனா ஏன் சுடுது?"ன்னு கேட்டார். 22 வருஷமா மனசுல இருந்த கேள்வியாம். திண்ணையில உட்கார்ந்து, சைக்கிள் பம்ப்பை வெச்சு விளக்கினேன். முழுசாக் கேட்டார். "நீ படிச்சதுக்கு இது வந்துச்சு பாரு"ன்னு சிரிச்சார்.

அப்புறம் கன்னை என் கையில கொடுத்தார். "பிடி. கையை ஒரே தூரத்துல வெச்சுக்கோ. மணிக்கட்டைத் திருப்பாதே."

என் முதல் கோட்டு வழிஞ்சு ஒழுகிடுச்சுங்க. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்!